படத்தில் இருந்த கை

பென்னலூர்
18.8.2024

அன்புள்ள ஜோவிக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் உன் அப்பா அம்மாவும் சுகம். நீ சுகமா? ஏற்காட்டுக் குளிரில் உன் சளி கட்டுப்பட்டதா, இல்லை அங்கேயும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் ஜெபம் சொல்கிறாயா?

உன்னை எனக்குத்தான் கட்டி வைப்பார்கள் என்று பென்னலூரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குப் போய்விட்டாய். போகட்டும். போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான், அதையும் உங்களைப் பயிற்றுவிக்கிற மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பிரித்துப் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்று அத்தை சொன்னார். சிஸ்டர், வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். பகுதி நேர பி.இ. கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டேன். இனி ப்ராஜெக்ட் மட்டும்தான் பாக்கி. ஏப்ரலுக்குள் டிகிரி வந்தால் கம்பெனியில் என்ஜினியர் ட்ரெய்னி. முப்பது வயது தாண்டினால் அதற்கு எடுக்க மாட்டார்கள். எனக்கு ஜூனில் முப்பது. விட்டால் ரிட்டயர் ஆகும் வரை ஆபரேட்டர்தான், ஜோவி.

போன வாரம் காலேஜில் ஒரு கூட்டம் போட்டார்கள். அடுத்தவர் எழுதியதை எடுத்து நம்முடையது என்று கொடுப்பதற்குப் பெயர் பிளேஜியரிசம். அது களவு. பிடிபட்டால் டிகிரி கிடையாது. எங்கள் வகுப்பில் எல்லோரும் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்து உட்காருகிறவர்கள். கம்பெனியில் பாகம் மாட்டுகிற லைனில் ஒருவனும் சொந்தமாக ஒரு வார்த்தை எழுதக் கூடாது. போர்டில் உள்ளதைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். ஒரு லைனில் நன்றாக வந்ததை அடுத்த லைனில் அப்படியே செய்தால் கைதட்டுவார்கள். பக்கத்தில் இருந்த மாரி என் காதில் கேட்டான்: "அப்போ இத்தினி வருசமா இன்னாத்துக்குடா பாத்து எய்த சொன்னானுங்கோ?"

நான் மூன்று வருஷம் முன்னால் லைனில் ஒன்று செய்தேனே, பிராக்கெட் மாறிப் போகாமல் இருக்க, அதைத்தான் ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறேன். என் சொந்த வேலை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதால்தான் எடுத்தேன். மாமாவுக்குத்தான் ஏனோ பிடிக்கவில்லை. "வேற எதுனா எடேண்டா. அது பழசு" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். இதே காலேஜில் ஐம்பத்து நாலு வயதில் டிகிரி வாங்கின மனிதர், கேக் வெட்டினோமே, உனக்கு நினைவிருக்கும். லைன் லீடருக்கு டிகிரி வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது எவ்வளவு பயந்து படித்தார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

எனக்கு வேலை தெரியும், இங்கிலீஷ் வராது. நீ பி.ஏ. இங்கிலீஷ். சொந்த வார்த்தையில் எழுதுவது எப்படி என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஃபிரடி


நவகன்னியர் இல்லம், ஏற்காடு
1.9.2024

மிகுந்த அன்புள்ள ஃபிரடி அத்தானுக்கு,

மரியே வாழ்க. நான் நலம். சளி இருக்கிறது, ஜெபமும் இருக்கிறது. அம்மாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? அப்பாவின் முட்டிவலி?

மிஸ்ட்ரஸ் சிஸ்டர் உங்கள் வணக்கத்தைப் படித்துச் சிரித்தார். பதில் வணக்கம் சொல்லச் சொன்னார். கட்டி வைக்கிற பேச்சை மட்டும் இனிமேல் எழுத வேண்டாமாம்.

சொந்த வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான். புத்தகத்தைப் படியுங்கள், மூடி வைத்துவிடுங்கள். படித்ததை மாரி அண்ணனிடம் டீக்கடையில் சொல்வதுபோல் தமிழில் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். சொன்னதை அப்படியே எழுதி, பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில் மாற்றுங்கள். யாருடைய வாக்கியத்தையாவது எடுத்தே தீர வேண்டும் என்றால் அவர் பெயரைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். படமாக இருந்தாலும் அட்டவணையாக இருந்தாலும் அப்படித்தான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வார்த்தையை மட்டும் மாற்றி மாற்றி எழுதாதீர்கள், அதுவும் களவுதான்.

அப்பா எதற்குத் தயங்குகிறார் என்று தெரியவில்லை. நீங்கள் செய்த வேலையை நீங்கள் எழுதுவதில் என்ன தப்பு? தைரியமாக எழுதுங்கள். எழுதியதை அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் எனக்குக் கடித நாள், அதற்குத் தகுந்தாற்போல் தபாலில் சேருங்கள்.

கிறிஸ்துவில் அன்புள்ள,
ஜோவிதா


பென்னலூர்
22.9.2024

அன்புள்ள ஜோவிக்கு,

எல்லோரும் சுகம். அத்தைக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது, திட்டுகிற சத்தம் கூடியிருக்கிறது.

நீ சொன்னபடியே செய்தேன். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் மாரியை உட்கார வைத்து ஒவ்வொரு அத்தியாயமாகச் சொன்னேன். கதை இதுதான். எங்கள் லைனில் இடது பிராக்கெட், வலது பிராக்கெட் என்று இரண்டு இரும்புத் தாங்கி வரும். பார்க்க இரண்டும் ஒன்றுதான். அவசரத்தில் மாற்றி மாட்டிவிடுவார்கள். வண்டி செய்கிற கம்பெனிக்குப் போய் அங்கிருந்து மொத்தச் சரக்கும் திரும்பி வரும், யார் மாட்டியது என்று சத்தம் போடுவார்கள். அந்த மாதம் ஒரு பெண்ணை அழ வைத்து அனுப்பிவிட்டார்கள். நான் பழைய போல்ட் ஒன்றை எடுத்து, பிராக்கெட்டை வைக்கிற இடத்தில் ஓரமாகத் துளை போட்டு நட்டு வைத்தேன். இடது மட்டும்தான் உட்காரும், வலதை வைத்தால் இடிக்கும். அதற்குப் பிறகு எங்கள் லைனில் பிராக்கெட் மாறவே இல்லை. அதை நான் சொன்னபோது மாரி, "தோ பாரு, இது எனுக்கே புரியுது. இதுக்கு எதுக்கு டிகிரி?" என்றான்.

இரண்டு அத்தியாயம் இத்துடன் வைத்திருக்கிறேன். சிரிக்காமல் திருத்து. மாமா ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேட்டால் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.

அன்புடன்,
ஃபிரடி


நவகன்னியர் இல்லம், ஏற்காடு
6.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் இரண்டு அத்தியாயத்தையும் சிஸ்டரின் அனுமதியோடு பொழுதுபோக்கு நேரத்தில் திருத்தினேன். சிவப்பு மை இல்லை, பென்சிலில் குறித்திருக்கிறேன். பிழைகள் உண்டு, ஆனால் ஒரு வாக்கியமும் இரவல் இல்லை. படிக்கும்போது உங்கள் குரல் கேட்டது. அந்தப் பெண்ணை அழ வைத்ததை ரிப்போர்ட்டில் எழுத முடியாது என்று நீங்களே விட்டிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் மனதில் நின்றது.

மீதியையும் இதே மாதிரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு டிகிரி வந்துவிட்டதாகவே நினைத்து நன்றி சொல்லத் தொடங்கிவிட்டேன்.

கிறிஸ்துவில் அன்புள்ள,
ஜோவிதா


நவகன்னியர் இல்லம், ஏற்காடு
3.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். உங்களிடமிருந்து கடிதம் இல்லை, வேலை அதிகமாக இருக்கும். நேற்று கல்லறைத் திருநாளில் உங்கள் அம்மாவுக்காக ஜெபித்தேன். அத்தை போன பிறகு ஆறாம் வகுப்புப் பையனாக நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. அப்பா உங்கள் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

போன வாரம் அப்பா என்னைப் பார்க்க வந்திருந்தார். அத்தான் ப்ராஜெக்ட் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "போவுது" என்றார். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவர் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். முட்டி வலிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. இனி ஜனவரியில்தான். கிறிஸ்துமஸ் வாழ்த்துகளை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜோவிதா


பென்னலூர்
8.12.2024

அன்புள்ள ஜோவிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். உனக்குப் பதில் எழுத முடியாத மாதம் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன், உடனே பதில் வந்தால் எனக்குத் தாங்காது.

நவம்பரில் ரிப்போர்ட் கொடுத்தேன். காலேஜ் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தார்கள். எங்கள் வகுப்பிலேயே என்னுடையதுதான் சுத்தம் என்று கைடு தோளில் தட்டினார். நேரில் கேள்வி கேட்கிற வைவாவுக்கு வெளியிலிருந்து நரசிம்மன் என்று ஒரு பேராசிரியர் வந்தார், இங்கே முன்பும் வந்தவராம். நாலைந்து பக்கம் புரட்டினார். போல்ட் படத்தில் நின்றுவிட்டார். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்றார். லைப்ரரியிலிருந்து ஒரு பழைய ரிப்போர்ட்டை எடுத்து வரச் சொன்னார்.

அதே பிராக்கெட். அதே போல்ட். அதே அட்டவணை, கழிவுக் கணக்கு உள்பட. வார்த்தைகள்தான் வேறு. அதில் ஒரு போட்டோ இருந்தது ஜோவி, ஒரு கை பிராக்கெட்டைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கிறது. அது என் கை. லைனில் செய்த முன்னேற்றத்தைப் பதிகிற கைசன் ஷீட்டுக்காக அன்றைக்கு எடுத்த படம். என் கையை எனக்குத் தெரியாதா?

நான் ஒன்றும் சொல்வதற்குள் பேராசிரியர் சொன்னார்: "ஒரே கம்பெனி. சீனியர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்திருக்கே. அப்படியே எழுதியிருந்தாகூட சோம்பேறின்னு விட்டிருப்பேன். சாஃப்ட்வேர்ல மாட்டாம இருக்க ஒவ்வொரு வாக்கியமா மாத்தி எழுதியிருக்கே பாரு, இது அதைவிடப் பெரிய திருட்டு." நீயும் நானும் ஒரு வாக்கியமும் இரவல் இல்லாமல் எழுதினோம் அல்லவா, அதுதான் என் திருட்டுக்குச் சாட்சி.

உன் வேலை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கம்பெனியில் கைசன் ஷீட் இருக்கிறது. ஆனால் லைனில் யார் என்ன யோசனை சொன்னாலும் ஷீட்டில் லீடர் பெயர்தான் வரும். எங்கள் வழக்கம் அது. ஆபரேட்டர் பெயர் எழுத அதில் கட்டமே இல்லை. இத்தனை வருஷமாக அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

பழைய ரிப்போர்ட்டின் அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். எங்கள் கம்பெனி ஆள்தான். பெயர் உனக்கு வேண்டாம். அவராக வந்து சொன்னால்தான் எனக்கு வழி. சொன்னால் அவருடைய டிகிரி போகும், அதை வைத்து வாங்கின பதவி போகும். பொய்ச் சான்று என்று வேலையை விட்டே நிறுத்தி, உள்ளே விடக் கூடாது என்று செக்யூரிட்டி கேட்டில் போட்டோ ஒட்டுவார்கள்.

பிப்ரவரி கடைசியில் விசாரணைக் குழு. அதுவரை என் ரிசல்ட் நிறுத்தம். அத்தைக்கு எதுவும் தெரியாது.

ஃபிரடி


நவகன்னியர் இல்லம், ஏற்காடு
5.1.2025

மிகுந்த அன்புள்ள அத்தானுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் நலம். உங்கள் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் முடிந்துதான் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோபமாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள்? அது என் கை என்று அந்த அறையிலேயே ஏன் சொல்லவில்லை? இன்னொருவர் பதவி போகும் என்று இரக்கப்படுகிறீர்கள். உங்கள் யோசனையை எடுத்துத் தன் பெயரைப் போட்டுப் பட்டம் வாங்கியபோது அவர் உங்களுக்காக இரக்கப்பட்டாரா? அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், உங்களுக்கு எத்தனை நன்மை செய்தவராக இருந்தாலும், திருடினவர் திருடினவர்தான். ஊரறிய வந்து ஒப்புக்கொள்ளட்டும். நீங்கள் பேசாமல் இருந்தால் அந்தப் பொய்யில் நீங்களும் பங்காளி. அப்படிப்பட்ட அத்தானை நான் பார்க்க விரும்பவில்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் அந்த லைனுக்கு லீடர். யார் செய்த வேலை என்று அவருக்குத் தெரியாதா? அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், அப்பா என் பேச்சைத் தட்ட மாட்டார்.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். ஆனால் மாற்றி எழுத மாட்டேன்.

ஜோவிதா


பென்னலூர்
19.1.2025

அன்பு மகள் ஜோவிதாவுக்கு அப்பா சாலமோன் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் சுகம். அம்மா சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, உனக்குத் தெரியும். சிஸ்டர் படித்தாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

நீ ஃபிரடிக்கு எழுதின கடிதத்தை அம்மா மேசையில் பார்த்துவிட்டாள். உன் எழுத்து என்றதும் ஆசையில் எடுத்துச் சத்தமாகப் படித்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திருடினவர் திருடினவர்தான் என்ற இடத்தில் நிறுத்தி, "யாருங்க அந்தப் பாவி?" என்று என்னைக் கேட்டாள். நான் கை கழுவ எழுந்து போய்விட்டேன்.

அந்தப் பழைய ரிப்போர்ட் என்னுடையதுதான் அம்மா.

நடந்ததைச் சொல்கிறேன். டிகிரி இல்லாவிட்டால் லீடர் பதவி போய்விடும் என்றார்கள். படித்துவிட்டேன், ப்ராஜெக்ட் மட்டும் வரவில்லை. கைசன் ஃபைலுக்கு வேண்டும், பிராக்கெட் வேலையை நீட்டாக எழுதிக் கொடுடா என்று ஃபிரடியிடம் கேட்டேன். எழுதிக் கொடுத்தான். அதைத் தாம்பரத்தில் ஒரு இடத்தில் கொடுத்து இங்கிலீஷ் ஆக்கிக்கொண்டேன். அப்போது எனக்குத் திருட்டு என்று படவில்லை. லைனில் நடப்பது லீடர் பெயரில்தான் போகும். ரிஜெக்ஷன் வந்தால் திட்டு வாங்குவதும் நான்தானே. அப்படித்தான் நினைத்தேன். அவன் இதையே எடுக்கிறேன் என்றபோதுதான் இது தெரிந்துவிடும் என்று உறைத்தது. வேறு எடு என்று சொன்னேன். ஏன் என்று அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னமோ. அவன் கேட்கவில்லை.

அவன் வைவா முடிந்து வந்த அன்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்டியா மாமா என்றுதான் கேட்டான். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

நான் காலேஜுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று தோன்றுகிறது. பயமாகவும் இருக்கிறது. ரிட்டயர் ஆக மூன்று வருஷம் இருக்கிறது. கோயிலில் நான் சபைத் தலைவர், மே மாதம் நீ கன்னியாஸ்திரீயாக வார்த்தைப்பாடு கொடுக்கிறாய். கேட்டில் போட்டோ ஒட்டினால் இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பார்ப்பார்கள். அவன் நான் வளர்த்தவன், நீ நான் பெற்றவள். யார் முகத்தைப் பார்ப்பது?

நீ கடவுளுக்கென்று போகிற பெண். நீ சொல். போ என்றால் போகிறேன், சத்தியம். வேண்டாம் என்றாலும் சொல். விசாரணை பிப்ரவரி கடைசி வாரம். ஒரு வார்த்தை எழுது.

அப்பா
சாலமோன்


நவகன்னியர் இல்லம், ஏற்காடு
2.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மரியே வாழ்க. நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது.

முட்டிவலிக்கு இங்கே சமையல் சிஸ்டர் ஒரு எண்ணெய் காய்ச்சுகிறார். பூண்டு, ஓமம், கொஞ்சம் கற்பூரம் போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சி, சூடு ஆறும் முன்பு தேய்க்க வேண்டுமாம். அம்மாவைச் செய்து தரச் சொல்லுங்கள். கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது அவசரப்படாதீர்கள்.

வார்த்தைப்பாடு மே பத்தாம் தேதி என்று முடிவாகியிருக்கிறது. வீட்டிலிருந்து பதினைந்து பேர் வரலாம். அம்மா பச்சைப் புடவை கட்டட்டும், அது அவளுக்கு நன்றாக இருக்கும். நீங்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும், காணிக்கைப் பவனியில் என்னோடு பீடம் வரை நடந்து வர வேண்டும்.

நீங்கள் கேட்டதைப் பற்றி ஜெபிக்கிறேன்.

உங்கள் மகள்,
ஜோவிதா


நவகன்னியர் இல்லம், ஏற்காடு
2.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? அப்பாவுக்கு எழுதியதோடு ஒரே உறையில் இதையும் வைக்கிறேன்.

போன கடிதத்தில் அளவுக்கு மீறிப் பேசிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். வெளியில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எளிது. உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள். எல்லா உண்மையையும் எல்லோரிடமும் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. விட்டுக்கொடுப்பதிலும் ஒரு நன்மை உண்டு என்று இங்கே சொல்லித் தருகிறார்கள்.

டிகிரி இல்லாவிட்டாலும் நீங்கள் நல்ல வேலைக்காரர்தான்.

மார்ச் முதல் ஞாயிறு தியானத்தில் இருப்போம், அதற்கடுத்துத் தவக்காலம். உயிர்ப்புத் திருநாள் வரை கடிதம் எழுத முடியாது.

ஜோவிதா


பென்னலூர்
9.3.2025

அன்புள்ள ஜோவிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. தவக்காலம், பதில் வராது என்று தெரியும்.

விசாரணை அன்று மாமா அரை நாள் லீவு போட்டார். என்னிடம் சொல்லவில்லை. கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் நின்ற பஸ்ஸிலேயே ஏறினார். சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, "ஒரு டீ சாப்ட்டு போலாம்" என்றார். டீ வருவதற்கு முன்பு சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"நீ பட்சவன். இதுல அவ இன்னா சொல்லிக்கீறான்னு பாரு. எனுக்கு ஒண்ணும் புர்ல."

அப்போதுதான் எல்லாம் சொன்னார். தான் எழுதியது, உன்னிடம் கேட்டது, ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தது எல்லாம். நான் அதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தேன். பூண்டு, ஓமம், கற்பூரம். பச்சைப் புடவை. முன் வரிசை. கடைசி வரி வரை படித்து, திருப்பி முதலிலிருந்து படித்தேன். எனக்கு வந்த கடிதம் என் பையில் இருந்தது. அதை முதலில் படித்தபோது நீ ஏன் மாறிவிட்டாய் என்று எனக்குப் புரியவில்லை. டீக்கடையில் புரிந்தது.

"போன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லலியேடா" என்றார் மாமா.

"வேணாம்னுதான் சொல்லிக்கீறா மாமா" என்றேன்.

அவர் அழுதார். கடைக்காரர் டீயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா வெளிப்படையாக அழுது நான் பார்த்தது என் அம்மா செத்த அன்றைக்கு, அதற்கப்புறம் இப்போதுதான். நான் வருகிறேன், இப்பவே வருகிறேன் என்று எழுந்தார். முட்டி பிடித்துக்கொண்டது, உட்கார்ந்துவிட்டார். நான் தோளைப் பிடித்து இரு மாமா என்றேன். கையைத் தட்டிவிட்டு எழுந்து என்னோடு வந்திருக்கலாம். வரவில்லை. நானும் வா என்று கூப்பிடவில்லை.

குழுவில் நாலு பேர். நான் சீனியர் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியதாக ஒப்புக்கொண்டேன். மூன்றே நிமிஷத்தில் முடிந்தது. பிறகு ஆபீஸில் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கிளார்க் அம்மா ஒரு மாதிரித் தாளைக் கொடுத்தார். போன வருஷம் யாரோ ஒரு பையன் எழுதியதன் ஜெராக்ஸ். "இதைப் பாத்து அப்படியே எழுதுங்க. சொந்தமா எதுவும் சேக்காதீங்க, சேத்தா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். எழுதினேன். பிறருடைய உழைப்பை என்னுடையது என்று காட்டியதற்கு வெட்கப்படுகிறேன் என்று எழுதினேன். அந்தப் பையன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். கடைசி வரியில், இந்தக் கடிதத்தை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் சொந்த வார்த்தைகளில் எழுதியிருக்கிறேன் என்று இருந்தது. அதையும் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளார்க் அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்து, கரெக்ட் என்று சொல்லி சீல் வைத்தார்.

ப்ராஜெக்ட் ரத்து. அடுத்த வருஷம் வேறு தலைப்பில் செய்யலாம். அடுத்த வருஷம் எனக்கு முப்பது முடிந்திருக்கும். கம்பெனிக்கும் காலேஜிலிருந்து தகவல் போயிருக்கிறது. களவு என்று போட்டிருப்பதால் ட்ரெய்னி லிஸ்டில் மட்டுமல்ல, லீடர் லிஸ்டிலும் என் பெயர் இனி வராது என்று எச்.ஆரில் சொன்னார்கள். மாரி பாஸாகிவிட்டான். என்னோடு பேசக் கூச்சப்படுகிறான்.

திரும்பி வந்தபோது மாமா அதே டீக்கடையில் இருந்தார். ஒரே பஸ்ஸில் வந்தோம். இப்போதும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறோம், அவர் முன்னால், நான் பின்னால். வீட்டில் உப்பு, தண்ணீர் என்று மட்டும் பேசிக்கொள்கிறோம். அத்தை எங்களுக்குள் என்ன சண்டை என்று கேட்டுக் கேட்டு அழுகிறார். முட்டிக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். மாமா தேய்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. ஆனால் உன் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். செய்தும் விட்டேன். எனக்கும் அவர்தான் அப்பா.

மே பத்துக்கு வேன் பேசியாகிவிட்டது. நானும் வருகிறேன், வராவிட்டால் ஊரில் கேட்பார்கள். அன்றைக்கு உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன், பயப்படாதே. காணிக்கைப் பவனியில் மாமாவின் கையைப் பிடித்துக்கொள். கொஞ்ச நாளாக அவருக்கு நடை தள்ளாடுகிறது.

இப்படிக்கு,
ஃபிரடி